இரும்புக்காரரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மா அப்பா இருந்த வீட்டை வாடகைக்குக் குடுக்கப் போகிறோம். ஒக்டோபரில் இரண்டு கிழமை லீவில் வருகிறேன். நாற்பது வருடச் சாமான் கிடக்கிறது: பிரிஜ், பழைய பெட்டி ரீவி, பித்தளைப் பாத்திரங்கள், இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம், அப்பா கடைசியில் பாவித்த சக்கர நாற்காலி. பழைய இரும்புக்காரருக்கு ஒரேயடியாகக் குடுத்துவிட்டு, மிச்சத்தை வளவுக்குள் குழி வெட்டிக் கொளுத்தினால் என்ன?

பதில்: இரும்புக்காரர் வேண்டியவர்தான். ஆனால் அவர் வரவேண்டியது முதல் நாளல்ல, பத்தாம் நாள். அவருக்கு எல்லாமே கிலோ. முன்னுக்கு அவரைக் கூப்பிட்ட வீடுகளில் முதலில் போவது நல்ல சாமான்தான்.

முதல் இரண்டு நாளைக் கடதாசிக்கு ஒதுக்குங்கள். காணி உறுதி, தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டின் பிரதி, பிறப்புப் பதிவு போன்றவை பெரும்பாலும் புத்தகத்துக்குள்ளும் பெட்டகத்தின் அடியிலும்தான் கிடக்கும். ஒவ்வொரு புத்தகத்தையும் முதுகைப் பிடித்துக் கவிழ்த்து உதறுங்கள். செத்தவீட்டு அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டுகள் என்ற நினைவுப் புத்தகங்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், நின்றுபோன சஞ்சிகைகள் எல்லாவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள். ஊர் வம்சாவளி வேறெங்கும் இராது, அந்த மெல்லிய கல்வெட்டில் இருக்கும். நூலகம் நிறுவனம் 2005 முதல் இப்படியான ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இணையத்தில் இலவசமாக வாசிக்க வைத்திருக்கிறது. தலைப்பு, ஆண்டு, வெளியிட்ட இடம் மூன்றையும் எழுதிப் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். மூலப்பிரதி உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் மூட்டையாகக் கொண்டுபோய் இறக்க வேண்டாம். 1981இல் எரிந்த நூலகம் என்பதால் எல்லோருக்கும் அங்கே கொடுக்க ஆசை. ஆனால் அட்டை கழன்ற பழைய பாடத்திட்ட வழிகாட்டிகள் அவர்களுக்குச் சுமைதான், அவற்றைக் கடதாசி எடுப்பவரிடம் கொடுங்கள். பூச்சி அரித்த புத்தகம் ஏதும் காப்பாற்றத் தக்கது என்றால், பிரிஜ் இன்னும் குளிர்ந்தால் அனுப்ப முன் அதைப் பயன்படுத்துங்கள். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் தாள் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அடுத்தது பாத்திரம். பித்தளையும் வெண்கலமும் ஒன்றல்ல, வெண்கலத்துக்கு விலை கூட. நூலில் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டினால் வெண்கலம் மணிபோல நீட்டி ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். விளிம்பு வெடித்திருந்தால் வெண்கலமும் அடங்கும் என்பதால் விளிம்பையும் பாருங்கள். மூக்குப்பேணியை (மூக்கு வைத்த பழைய குடிபாத்திரம்) நிறைக்கு விற்பதைப் போன்ற நட்டம் வேறில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் உறவுக்குள் கேட்டுப் பாருங்கள். இரும்புக்காரர் வரும் அன்று 5 லீற்றர் போத்தலில் நீர் நிரப்பி வைத்திருங்கள். அவருடைய தராசு அதற்கு 5 கிலோவை ஒட்டிக் காட்ட வேண்டும். அலுமினியச் சட்டியின் இரும்புக் கைபிடிகளைக் கழற்றிவிடுங்கள், கலந்து கிடந்தால் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே போடுவார்.

சக்கர நாற்காலிக்குக் கைதடி முதியோர் இல்லம், யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் (மாற்றுத்திறனாளிகளுக்கான புனர்வாழ்வு நிலையம்) இரண்டிலும் கேட்கலாம். கேட்காமல் வாகனத்தில் ஏற்றாதீர்கள். கேட்க முன் பிரேக் பிடிக்கிறதா, கால்தாங்கி இரண்டும் இருக்கிறதா, இருக்கைத் துணி கிழிந்ததா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். வோக்கர், கொமட் கதிரை, பிரிக்காத டயப்பர் பக்கற்றுக்கும் ஆள் கிடைக்கும். நோயாளி படுத்த மெத்தையையும் மிச்ச மருந்தையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. மருந்தைக் கிணற்றடியிலோ கக்கூசிலோ கொட்டாமல், தேயிலைச் சக்கையோடு பிசைந்து பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பிரிஜ் குளிரவில்லை என்றதும் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒருக்கால் 'டிக்' என்று கேட்டு நின்றால், பெரும்பாலும் கொம்பிரசரில் குத்தியிருக்கும் சின்ன ரிலேதான் பழுது. அதை மாற்றினால் ஒரு குடும்பத்துக்கு உதவும். திருத்த முடியாததென்றால் பின்பக்கத் தகட்டில் வாயுவின் பெயரைப் பாருங்கள். ஆர்-12 என்றிருந்தால் ஓசோன் படலத்தை அரிக்கிற பழைய வாயு, ஆர்-600ஏ என்றிருந்தால் தீப்பற்றக்கூடியது. எதுவானாலும் செப்புக் குழாயை முற்றத்தில் வைத்து வெட்ட விடாதீர்கள். பிள்ளைகள் உள்ளே புகுந்து அகப்படாமல் கதவைக் கழற்றி வையுங்கள்.

பெட்டி ரீவியில்தான் பிழை அதிகம் நடக்கும். செப்புச் சுருளுக்காகப் படக்குழாயை உடைப்பார்கள். அந்தக் கண்ணாடியில் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் இருக்கும். உடைக்காமல் முழுதாக எடுப்பவரிடம் மட்டும் கொடுங்கள். இலத்திரனியல் கழிவு எடுக்க மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள். கார் பற்றறிக்கு நிறைக்கு நல்ல விலை உண்டு, ஆனால் அதன் அமிலத்தை நிலத்தில் ஊற்றிவிட்டுக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். சுருள் பல்ப் (சி.எஃப்.எல்.) உடைந்தால் யன்னலைத் திறந்து கால் மணித்தியாலம் வெளியே நில்லுங்கள், உள்ளே பாதரசம். பிறகு மட்டையால் கூட்டி அள்ளுங்கள், தும்புத்தடி வேண்டாம்.

குழியும் நெருப்பும் கூடாது என்பதற்குக் காரணம் உங்கள் கிணறு. கொக்குவில் இருக்கிற வலிகாமப் பகுதியில் மேல்மண் கொஞ்சம், அடியில் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிகட்டப்படாமலே நீருக்குள் இறங்கும். அதே பகுதியிலுள்ள சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்ததை ஊர் மறக்கவில்லை. வயரையும் பிளாஸ்ரிக்கையும் எரித்தால் புகை அயல் வீட்டுக்கு, சாம்பல் உங்கள் கிணற்றுக்கு.

மிஞ்சும் ஸ்பொன்ஞ் மெத்தை, உடைந்த பிளாஸ்ரிக் கதிரைகளுக்கு நல்லூர் பிரதேச சபையில் முன்கூட்டியே சொல்லி, எடுக்கும் நாளைக் கேளுங்கள். ஒக்டோபர் என்பதால் மழை தொடங்கிவிடும். அதுவரை எதையும் முற்றத்தில் வாய் மேலே பார்க்க வைக்காமல் கவிழ்த்தோ விறாந்தையிலோ வையுங்கள். நீர் தேங்கிய ஒரு சட்டி போதும், டெங்கு நுளம்பின் குடம்பியைத் தேடிப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வாசலுக்கு வந்துவிடுவார்.