டின் கேரட்டா, ஃப்ரோசன் கேரட்டா: எதில் சத்து அதிகம்?

கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போன்றவற்றை டின்னில் வாங்கினால் சத்து அதிகமா, உறையவைத்த பாக்கெட்டில் வாங்கினால் அதிகமா என்பது கேள்வி. "ஃப்ரோசன்தான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தபிறகுதான் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் அவ்வளவு உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஃப்ரோசன் உசத்தி என்ற பேச்சு பட்டாணிக்கும் கீரைக்கும் நன்றாகப் பொருந்தும். அவற்றில் வைட்டமின் சி கணிசமாக உண்டு, அது சூட்டில் சீக்கிரம் அழிந்துவிடும். கேரட்டிலோ பச்சையாக இருக்கும்போதே 100 கிராமுக்கு 6 மி.கி. அளவுதான் இருக்கிறது. அதில் பாதி போனால்தான் என்ன? கேரட்டின் பெருமையே பீட்டா கரோட்டின், உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து. அது கொழுப்பில் கரைவது. தண்ணீரோடு போகாது, சூட்டையும் ஓரளவு தாங்கும். காய் வெந்து இளகினால் உடம்பு அதை எடுத்துக்கொள்வதும் சுலபம். கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் இன்னும் நல்லது. அதனால் இந்த ஒரு விஷயத்தில் டின் கேரட்டை மட்டமாகப் பேச வேண்டியதில்லை.

ஃப்ரோசன் என்றால் பச்சைக் காயை அப்படியே உறையவைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. நொதிகள் தொடர்ந்து வேலை செய்து நிறத்தையும் சுவையையும் கெடுக்காமல் இருக்க, முதலில் கொதிநீரிலோ ஆவியிலோ சில நிமிடம் காட்டி எடுத்து, பிறகுதான் மைனஸ் 18 டிகிரிக்குக் கொண்டுபோகிறார்கள். டின்னில் நடப்பது இதைவிடக் கடுமை. கிழங்குகளில் அமிலம் குறைவு என்பதால், பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோய்க்குக் காரணமான கிருமியின் வித்துகள் பிழைத்துவிடாமல் இருக்க, அழுத்தத்தில் வைத்து 121 டிகிரி வரை சூடாக்க வேண்டும். பெரிய பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நிஜமான இழப்பு எங்கே? தண்ணீரில். பொட்டாசியமும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் தண்ணீரில் இறங்கிவிடும். 100 கிராம் பச்சைக் கேரட்டில் சுமார் 320 மி.கி. பொட்டாசியம்; நீரை வடித்த டின் கேரட்டில் அது 180 அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு நான் டின்னைத் திட்டத் தயாரானேன். ஃப்ரோசன் கேரட்டை வேகவைத்து வடித்தபின் எவ்வளவு என்று பார்த்தால், அதுவும் 190தான்! தொழிற்சாலையில் செய்வதையே நாம் வீட்டுப் பாத்திரத்தில் செய்து, அந்த நீரைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருக்கிறோம். நானும் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டவன்தான்.

பீட்ரூட்டில் மட்டும் டின் தெளிவாகத் தோற்கிறது. பச்சையாக 100 கிராமுக்குச் சுமார் 110 மைக்ரோகிராம் இருக்கும் ஃபோலேட், வேகவைத்தால் 80, டின்னில் நீர் வடித்தபின் 30 என்று வந்துவிடுகிறது. டின்னைத் திறந்தால் தெரியும் சிவப்புத் தண்ணீரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நார்ச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அப்பா விஷயத்தில் என்னை யோசிக்கவைத்தது உப்பு, அதாவது அதிலிருக்கும் சோடியம். சாதாரண டின் கேரட்டில் 100 கிராமுக்கு 240 மி.கி. அளவு சோடியம், ஃப்ரோசனில் 60 அல்லது 70. அந்த 60 காயிலேயே இயல்பாக இருப்பது. ஒரு நாளைக்கு 2000 மி.கி.க்குள் சோடியம் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டின்னிலும் உப்பு சேர்க்காதது கிடைக்கும். கிடைக்காதபோது நீரை வடித்துவிட்டு ஒருமுறை அலசினால் கொஞ்சம் குறையும்.

உருளைக்கிழங்கிலும் சர்க்கரைவள்ளியிலும் கணக்கு வேறு. ஃப்ரோசன் உருளை என்று வருவதில் பெரும்பகுதி ஏற்கெனவே எண்ணெயில் பாதி பொரித்த ஃப்ரைஸ். டின் சர்க்கரைவள்ளி பல சமயம் சர்க்கரைப் பாகில் மிதக்கிறது. இந்த இரண்டிலும் சேர்மானப் பட்டியலைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நான் இப்போது பீட்ரூட்டையும் கேரட்டையும் ஃப்ரோசனாக வாங்குகிறேன். உருகவிடாமல் நேராக வாணலியில் போட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிவிடுவேன். வடிக்க ஒன்றும் மிஞ்சாது. அவசரத்துக்கு உப்பில்லாத டின் ஒன்றிரண்டு அலமாரியில் இருக்கும், சூப்புக்குப் போகும்போது டின்னிலிருக்கும் நீரும் சேர்ந்தே போகும். கடையில் பாக்கெட்டை மட்டும் அழுத்திப் பார்ப்பேன். துண்டுகள் தனித்தனியாக உருண்டால் எடுப்பேன். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று திருப்பி வைத்துவிடுவேன்.