எம்.ஆர்.ஐ. இயல்பாக இருக்கிறது, அப்பாவின் கால் ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. சில ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிட்டு வருகிறார். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் குறை எதுவும் இல்லை. ஆனால் கூடத்திலிருந்து சமையலறைக்குள் நுழையும்போது, கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நிலைப்படியருகே நின்றுவிடுகிறார். அதே மனிதர் வாசலில் அம்மா போட்ட கோலத்தின் கோடுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டிச் சென்றுவிடுகிறார். இந்நோயில் மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகள் மாறுவதாகப் படித்தேன். அதைக் காட்டும் ஸ்கேனை எடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர், சென்னை

பதில்: அறிக்கை இயல்பாக இருப்பதில் வியப்பில்லை. வழக்கமான எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டுகிறது. பக்கவாதம், கட்டி, மூளையில் நீர் கோத்தல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவே பெரும்பாலும் அதை எடுக்கச் சொல்கிறோம். நோயைக் கண்டறிவது இன்றும் நோயாளியை நடக்கவிட்டும், விரல்களைத் தட்டச் சொல்லியும், கையை மடக்கி நீட்டியும் பார்ப்பதால்தான்.

நடுமூளையில் டோபமின் என்ற, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழியும்போது, மூளையின் ஆழத்திலுள்ள புட்டாமென் என்ற பகுதி முழுவதும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. அதன் பின்பகுதியே முதலிலும் மிகுதியாகவும் டோபமினை இழக்கிறது. நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது என நாம் யோசிக்காமலே செய்யும் பழக்கச் செயல்களுக்கு அந்தப் பின்பகுதிதான் முக்கியம். மூளை வேலை செய்யும் விதத்தைக் காட்டும் ‘ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.’ ஸ்கேனை ஓய்வுநிலையில் எடுத்த ஆய்வுகளில், இந்தப் பின்பகுதிக்கும் உடல் அசைவை இயக்கும் மூளை மேற்பரப்பான இயக்கப் புறணிக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருப்பதும், புட்டாமெனின் முன்பகுதிவழித் தொடர்பு வலுத்திருப்பதும் தென்பட்டன. தானாக நடந்தது இப்போது கவனம் செலுத்தினால்தான் நடக்கிறது. அந்தக் கவனம் சற்றே சிதறினாலும் கால் நின்றுவிடுகிறது. கண்ணெதிரே ஒரு கோடு இருந்தால், பார்வையைச் சார்ந்த வேறு பாதைகளும் சிறுமூளையும் அடியெடுத்து வைக்கத் துணைசெய்கின்றன என்று கருதப்படுகிறது. தங்கள் தாயார் போடும் கோலம், தெரியாமலே, ஒரு சிகிச்சை முறையாகிவிட்டது.

ஆனால் அந்த ஸ்கேன் தங்கள் தந்தைக்குத் தேவையில்லை. ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் மூளையின் இயக்கப் பகுதிகள் ஒத்திசைந்து செயல்படுவதை ஆய்வாளர் பரத் பிஸ்வால் குழுவினர் 1995-இல் காட்டிய பிறகு வளர்ந்த இந்தத் துறை, பல நோயாளிகளின் படங்களைச் சேர்த்து ஒப்பிட்டே முடிவுகளைச் சொல்கிறது. தலை சிறிது அசைந்தாலும், மாத்திரையின் வேகம் இருக்கும் நேரமா இல்லாத நேரமா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். தனியொருவரின் மருந்தை அதை வைத்து மாற்றுவதில்லை. ட்ரோடாட் ஸ்கேன் வேறு வகை. அது டோபமின் நரம்பு முனைகளின் இழப்பைக் காட்டும், நோய் எது என்பதிலேயே ஐயம் இருந்தால் மட்டும் உதவும். அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள் என்பேன்.

நிலைப்படிக்கு முன்னால் அவர் எடுத்துவைக்கும் ஒரு காலடித் தூர இடைவெளியில் வண்ண நாடாக்களைக் குறுக்காக ஒட்டுங்கள். அவர் நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவதையும், செல்பேசியைக் கையில் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். தாளத்துக்கு நடப்பதும் பலருக்குப் பயன்படுகிறது. மயிலாப்பூரில் அதற்குக் கருவி வாங்க வேண்டுமா என்ன, ஆதி தாளம் போதும். நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிதானித்து, உடல் எடையை ஒரு காலுக்கு மாற்றிவிட்டு மற்றதைத் தூக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மாத்திரையால் இந்த இணைப்புகள் பழைய நிலைக்குத் திரும்புமா?
– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: ஓரளவுக்கு, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். புட்டாமென் உள்ளிட்ட, மூளையின் ஆழத்திலுள்ள அடிமூளைக் கருக்களில் விநாடிக்கு 13 முதல் 30 சுற்று வரையிலான பீட்டா என்ற மின் அலைகள் இந்நோயில் மிகுந்திருக்கின்றன. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை அவற்றைத் தணிக்கிறது, மின்முனை பொருத்தும் ஆழ்மூளைத் தூண்டலும் தணிக்கிறது. அதனால் விறைப்பும் மந்தமும் குறைகின்றன. ஆனால் நோய் அசிட்டைல்கோலின், நாரட்ரினலின் போன்ற பிற வேதிப்பொருள்களைச் சார்ந்த வலைப்பின்னல்களையும் தொடுவதால், உடல் சமநிலை, நினைவாற்றல், மனச்சோர்வு ஆகியவை லெவோடோபாவுக்கு அதே அளவில் கட்டுப்படுவதில்லை. கால் நின்றுபோவது மாத்திரைக்கு முன்பா, பின்பா என்று ஒரு வாரம் நேரத்துடன் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்; முன்பு என்றால் மருந்தின் நேரத்தையோ அளவையோ அவர் மாற்றக்கூடும்.