எந்த இயற்பியல் வகுப்பு, எந்த ஆசிரியர்?

ஐயா, வணக்கம்.

என் மகள் இந்த ஆண்டு பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். உயிரியலா பொறியியலா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. முதலாண்டு இயற்பியலில் 8ஏ என்ற பாடம் எளிது, 7ஏ என்ற பாடம் கடினம் என்கிறார்கள். 7ஏ நடத்தும் இருவரில் ஒருவருக்கு இணையத்தில் மாணவர்கள் மிக நல்ல மதிப்பெண் தந்திருக்கிறார்கள். மற்றவரைப் பற்றி, "பாடம் நடத்தாமல் எங்களையே பேசவிடுகிறார்" என்று குறை சொல்கிறார்கள். அவளுக்கு என்ன சொல்வது?

— ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

பாடத்தை எளிது, கடினம் என்ற கணக்கில் பார்க்காமல், அதற்கு அடுத்து எங்கே போக முடியும் என்று பாருங்கள். 8ஏ உயிரியல், கட்டடக்கலை மாணவர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது; விசையிலிருந்து வெப்பம் வரை எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தொட்டுச் செல்லும். 7ஏ பொறியியலுக்கும் அறிவியலுக்கும் உரிய வரிசையின் முதற்படி என்பதால், வெப்பத்தை அடுத்த பாடமான 7பி-க்கு விட்டுவிட்டு, இயக்கவியலில் நுண்கணிதத்தைக் கொண்டு ஆழமாக இறங்கும். 7ஏ படித்தவள் உயிரியலுக்குப் போவதில் தடை இல்லை. 8ஏ மட்டும் படித்தவள் பின்னர் பொறியியல் பக்கம் திரும்பினால் சிக்கல்தான். எனவே, நுண்கணிதத்தில் முதற்பருவப் பாடத்தை முடித்திருந்தால் அவள் 7ஏ எடுக்கட்டும். முடிக்கவில்லையென்றால் ஒரு பருவம் பொறுத்து எடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

ஆசிரியரைப் பற்றிய உங்கள் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் இருக்கிறார். மாணவர்கள் அவருடைய வகுப்பைப் புகழ்ந்தார்கள். கடினமான கணக்குகளையும் போட்டார்கள். 1990-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களுக்கு அவர் மிக எளிய தேர்வு ஒன்றை வைத்தார். பாரம் ஏற்றிய லாரியும் சிறிய காரும் நேருக்கு நேர் மோதுகின்றன; எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்பது போன்ற கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இரண்டு விசைகளும் சமம். காரின் நிறை குறைவு என்பதால்தான் அது அதிகம் தூக்கியெறியப்படுகிறது. விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களிலேயே பலர் லாரி என்று எழுதினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நாங்கள் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி அவரிடமே கேட்டாள். அதன்பிறகு மாசூர் வகுப்பில் கேள்வியைப் போட்டுவிட்டு, மாணவர்களைப் பக்கத்தில் இருப்பவரோடு வாதிடவிடும் முறைக்கு மாறினார்.

1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்ற இயற்பியலாளர், 62 வகுப்புகளில் 6,542 மாணவர்களுக்கு இதே போன்ற தேர்வைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துக் கிடைத்த முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கத்தில் மாணவர்களுக்குத் தெரியாதிருந்ததில், பெரும்பாலும் விரிவுரையே கேட்ட வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டைத்தான் கற்றிருந்தன. பேசியும் வாதிட்டும் படித்த வகுப்புகள் 48 விழுக்காட்டைக் கற்றிருந்தன. 2019-இல் ஹார்வர்டிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இன்னும் நேரடியாக உங்கள் கேள்விக்குப் பொருந்துகிறது: தாமே முயன்று படித்த மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தடையில்லாமல் ஓடும் நல்ல விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். இணைய மதிப்பெண்கள் பெரும்பாலும் அந்த உணர்வைத்தான் அளக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, அந்தக் குறை எனக்குப் பரிந்துரையாகவே படுகிறது. ஆனால் பேசவிடுவதும் கைவிடுவதும் ஒன்றல்ல. முதல் வாரத்தில் இரண்டு வகுப்புகளிலும் போய் உட்காரச் சொல்லுங்கள். கேள்வி கொடுத்தபின் ஆசிரியர் இருக்கைகளுக்கிடையே நடந்து மாணவர்கள் பேசுவதைக் கேட்கிறாரா, தவறான விடை ஏன் தவறு என்று திரும்பி வந்து விளக்குகிறாரா என்று அவள் கவனிக்கட்டும். இரண்டும் இருந்தால் தயங்காமல் அவரிடம் சேரலாம். நூற்றுக்கணக்கானோர் அமரும் வகுப்பு என்பதால், ஆராய்ச்சி மாணவர்கள் நடத்தும் சிறு வகுப்பையும் அதே கவனத்தோடு தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கணக்கில் அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறவர் அங்கேதான் இருப்பார்.

அன்புடன்.