பழைய பத்திரத்தில் ‘டிமைஸ்’: மரணமா, குத்தகையா?

கேள்வி: ராயபுரத்தில் தாத்தா கட்டிய வீடு எங்களிடம் இருக்கிறது. ஆதாரமாக 1934-இல் பதிவான ஆங்கிலப் பத்திரம் ஒன்றுதான் உண்டு. விற்கலாம் என்று காட்டியபோது புரோக்கர், “இதில் ‘டிமைஸ்’ என்று இருக்கிறது, அப்படியென்றால் மரணம். எழுதிக்கொடுத்தவர் அப்போதே இறந்துவிட்டார், பத்திரம் செல்லாது. பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுத் தருகிறேன், 40,000 ரூபாய் ஆகும்” என்கிறார். அதே வரியில் 99 வருடம் என்றும் வருகிறது. என்ன செய்வது? – வாசகர், சென்னை

பதில்: யாரும் சாகவில்லை. அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் நான் சொல்லப்போவதும் உங்களுக்கு இனிக்காது. பழைய ஆங்கிலப் பத்திரங்களில் ‘டிமைஸ்’ என்பது குத்தகைக்கு விடுவதைக் குறிக்கும் சொல். ‘டத் ஹியர்பை டிமைஸ்’ என்று எழுதி, பக்கத்திலேயே 99 வருடம் என்றும் போட்டிருந்தால், உங்கள் தாத்தா அடிமனையை வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்திருக்கிறார். வீடு அவர் கட்டியது, மனை இன்னொருவருடையது. 1934-இலிருந்து கணக்கிட்டால் 2033-இல் கெடு முடிகிறது.

மரணம் என்ற பொருளும் பொய்யில்லை, அதனால்தான் புரோக்கர் பிழைக்கிறார். அரசர் இறந்தால் ராஜ்யம் வாரிசுக்குக் கைமாறும். அந்தக் கைமாற்றத்துக்கு இங்கிலாந்தில் வழங்கிய சொல்தான் நாளடைவில் சாவுக்கே பெயராகிவிட்டது. ஆகவே ஒரே பத்திரத்தில் இரண்டு பொருளும் வரலாம். ‘ஆன் த டிமைஸ் ஆஃப்’ என்று வந்து பின்னால் ஓர் ஆளின் பெயரோ ‘என் தகப்பனார்’ என்பதோ இருந்தால் அது மரணம்தான். சொத்து எப்படி வந்தது என்று கதை சொல்லும் முன்பகுதியில், செட்டில்மென்ட், பாகப்பிரிவினைப் பத்திரங்களில் இது அடிக்கடி வரும். எழுதிக்கொடுப்பவர் செய்யும் காரியமாக வந்து, பின்னால் மனையின் விவரம் இருந்தால் குத்தகை. ‘டிமைஸ்டு பிரிமிசஸ்’ என்றால் குத்தகைக்கு விட்ட இடம். இறந்தவர் வீடு என்று இதையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள்! சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அகராதியை மட்டும் திறந்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ‘டு ஹேவ் அண்ட் டு ஹோல்ட்’ என்று தொடங்கும் பத்தியைத் தேடுங்கள். பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். அதில் ‘அப்சல்யூட்லி’, ‘ஃபார் எவர்’ என்று வந்தால் கிரயம். ‘ஃபார் த டெர்ம் ஆஃப்’ என்று வருடக்கணக்கு வந்தால் குத்தகை. அடுத்து ‘யீல்டிங் அண்ட் பேயிங்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது மனை வாடகை. மற்றபடி மெஸ்யுவேஜ், டெனிமென்ட்ஸ், ஹெரடிடமென்ட்ஸ் எல்லாம் வீடு, மனை, அதைச் சேர்ந்தவை என்பதற்கான அடுக்குதான். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பத்திர எழுத்தர்களுக்கு நீளத்துக்குத் தக்கபடி கூலி, வார்த்தை ஏன் குறையும்? ‘மொய்ட்டி’ என்றால் சரிபாதி, அது மட்டும் கண்ணில் படாமல் போகக்கூடாது.

புரோக்கர் சொல்லும் பிழைத்திருத்தல் பத்திரத்தை முதலில் எழுதிக்கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும், இல்லாவிட்டால் அவர்களுடைய வாரிசுகளும் சேர்ந்துதான் போட முடியும். மனைக்காரரின் வாரிசுகள் யாரென்றே தெரியாமல் இவர் யாரைக் கையெழுத்துப் போட வைப்பார்? இந்த ஆட்களிடம் இன்னொரு வித்தையும் உண்டு. “சொத்து வரி ரசீது உங்கள் பெயரில் இருக்கிறது, ஈ.பி. கார்டு இருக்கிறது, அது போதும் சார்” என்று சொல்லி, மனையும் சேர்ந்தது போலக் கிரயம் எழுத வைப்பார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், மோசடி வழக்கு உங்கள் மேல் வரும். வரி ரசீது வரி கட்டியதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

தாத்தாவோ அப்பாவோ பின்னாளில் அடிமனையையும் கிரயம் வாங்கியிருக்கலாம். அதைத்தான் நீங்கள் முதலில் தேட வேண்டும். இணையத்தில் வில்லங்கச் சான்று பொதுவாக 1975-க்குப் பிறகுதான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய நாற்பது வருடத்துக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, அவர்கள் பழைய அட்டவணைப் புத்தகத்தைப் புரட்டும் வரை நடக்க வேண்டும். “புத்தகம் கிழிந்துவிட்டது”, “எல்லை மாறிவிட்டது, அந்த ஆபீஸுக்குப் போங்கள்” என்பார்கள். ஆதாரத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அலுவலகமே இப்படிச் சொல்கிறது! வாய்ப்பதிலை ஏற்காமல் எழுத்தில் கேளுங்கள்.

கிரயம் அகப்படவில்லையென்றால் மனைக்காரர் தனியாரா, கோவிலா, அறக்கட்டளையா என்று பார்த்து, சிவில் வழக்கறிஞர் ஒருவரிடம் முழுப் பத்திரத்தையும் காட்டுங்கள். ஜெராக்ஸ் போதும். அசல் புரோக்கரிடம் இருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.