மேடையில் வேதக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பவர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருமுனைக் கூட்டத்தில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தபோது பேச்சாளர் ஒருவர், "அன்றைக்கு அஞ்சு அப்பம் ரெண்டு மீனை வைத்து அவர் ஐயாயிரம் பேருக்குப் போட்டார், இன்றைக்கு எங்கள் அண்ணன் போடுகிறார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சலேத் மாதா கோயிலுக்குப் போகிறவள். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. கோபப்பட்டது தப்பா?
(ஒரு வாசகி, மூஞ்சிக்கல், கொடைக்கானல்)

பதில்: தப்பே இல்லை. சிரித்ததும் தப்பில்லை. நம் ஊர்க் கூட்டத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள், இயேசுவின் அப்பக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அந்த வரி உடனே எடுபட்டது. ஆனால் அவர் பாதிக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். நான்கு நற்செய்திகளிலும் வருகிற கதை இது. ஐயாயிரம் என்பது ஆண்களின் கணக்கு மட்டும்தான், பெண்களும் பிள்ளைகளும் அதில் சேரவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். எல்லோரும் சாப்பிட்டு மீந்தது பன்னிரண்டு கூடை. அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம், அது யோவான் ஆறாம் அதிகாரம் பதினைந்தாம் வசனத்தில் இருக்கிறது: வயிறு நிறைந்த ஜனங்கள் தன்னைப் பிடித்துக்கொண்டுபோய் ராஜாவாக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், இயேசு தனியாக மலைக்கு விலகிப் போய்விடுகிறார். சாப்பாடு போட்டதற்குக் கைம்மாறாக வந்த பதவியை வேண்டாமென்று விட்டு மலையேறிய கதையை, பொட்டலம் கொடுத்து ஓட்டுக் கேட்கிற மேடையில் சொல்லலாமா? உங்களுக்குக் கோபம் வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். வேதத்திலிருந்து நகைச்சுவை எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எடுக்கிறவர் கதையைக் கடைசி வரை படித்திருக்க வேண்டும், அந்த முழுக்கதையை மேடையிலேயே சொன்னாலும் அவருடைய நகைச்சுவை நிற்க வேண்டும். நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

கேள்வி: சீட் கிடைக்காமல் சுயேச்சையாக நின்றவரை, "ஞானப்பழம் கிடைக்காமல் கோவித்துக்கொண்டு மலையேறியவர்" என்று எதிர்க்கட்சிக்காரர் மேடையில் கிண்டல் செய்தார். குழந்தை வேலப்பர் ஊர்க்காரர்களான எங்களுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.
(ஒரு வாசகர், பூம்பாறை)

பதில்: இதில் நீங்கள் கஷ்டப்படத் தேவையே இல்லை. கோவித்துக்கொண்டு மலையேறிய முருகனைத் தேடி அப்பாவும் அம்மாவும் அங்கேயே வந்து "பழம் நீ" என்றார்கள், இன்றைக்கும் ஜனங்கள் காவடி தூக்கிக்கொண்டு அந்த மலைக்குத்தான் போகிறார்கள். அந்தக் கதையில் ஜெயித்தவர் யார் என்பதை மறந்துவிட்டுச் செய்த கிண்டல் அது.

கேள்வி: தெய்வ காரியத்தில் சிரிப்பே கூடாது, அது பாவம் என்கிறார் என் மாமனார். சரிதானா?
(ஒரு வாசகி, பண்ணைக்காடு)

பதில்: மாமனாரின் பக்தியை மதிக்கிறேன், ஆனால் நம் அடியார்களே அவரோடு ஒத்துப்போக மாட்டார்கள். கண் பார்வை போன சுந்தரர் திருவாரூரில் போய் நின்று, அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் நீர் சும்மா இருப்பீர், வாழ்ந்து போதீரே என்று சிவனிடமே பாடுகிறார். அது ஏழாம் திருமுறையில் இருக்கிறது, இன்றும் பயபக்தியோடு ஓதப்படுகிறது. பைபிளில் எலியா பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் தெய்வம் தூங்குகிறதோ என்னவோ என்கிறார். தன் கண்ணில் உத்திரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவன் கண்ணில் இருக்கிற துரும்பை எடுக்கப் போகிறவனைப் பற்றி இயேசு சொன்னபோது கேட்டவர்கள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்?

அரசியல்வாதிகள் எல்லோரும் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, பைபிளில் நியாயாதிபதிகள் ஒன்பதாம் அதிகாரம். அபிமெலேக்கு என்பவன் கோயில் பணத்தை வாங்கி அடியாட்களைக் கூலிக்குப் பிடித்து, கூடப் பிறந்தவர்களையே கொன்றுவிட்டு ராஜாவாகிறான். தப்பித்தவன் கடைசித் தம்பி யோதாம் ஒருவன்தான். அவன் ஒரு மலையுச்சியில் நின்றுகொண்டு கீழே இருக்கிற ஊர்க்காரர்களுக்குக் கேட்கிற மாதிரி ஒரு கதை சொல்கிறான். மரங்கள் எல்லாம் சேர்ந்து தங்களுக்கு ஒரு ராஜாவைத் தேடின. ஒலிவமரம் என் எண்ணெயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் என் பழத்தை விடமாட்டேன் என்றது. திராட்சைக் கொடியும் அப்படியே. கடைசியில் முட்செடியிடம் போனார்கள், அது உடனே சரி என்று சொன்னதோடு, வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்றது! முட்செடிக்கு ஏது நிழல்? பயனுள்ள மரங்களுக்கு வேலை இருக்கிறது, அதனால் வரவில்லை. எதற்கும் உதவாதது பதவிக்கு முந்துகிறது. அதிகாரத்தில் இருப்பவனைப் பற்றி அவனுடைய ஊர்க்காரர்களிடமே, அவனால் எல்லாவற்றையும் இழந்தவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன கேலி இது. எனக்குத் தெரிந்து வேதத்தில் இதைவிடக் கூர்மையான அரசியல் நகைச்சுவை இல்லை.

கேள்வி: பெரிய தலைவர்கள் யாராவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா?
(ஒரு வாசகர், நாயுடுபுரம்)

பதில்: அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் செய்திருக்கிறார். 1864ல் அவருடைய கட்சியிலேயே அதிருப்திக்காரர்கள் கிளீவ்லாந்தில் கூடி ஃபிரீமான்ட் என்பவரை அவருக்கு எதிராக வேட்பாளராக்கினார்கள். வந்தவர்கள் சுமார் நானூறு பேர்தான் என்று யாரோ வந்து சொன்னதும், லிங்கன் பைபிளைப் புரட்டி, முதலாம் சாமுவேலில் ஒடுக்கப்பட்டவர்களும் கடன்பட்டவர்களும் மனக்கசப்புள்ளவர்களும் தாவீதிடம் கூடினார்கள், அவர்கள் ஏறக்குறைய நானூறு பேர் என்ற வசனத்தை வாசித்துக் காட்டினாராம். அருமையான இடம், எண் கூடப் பொருந்துகிறது. ஆனால் முழுக்கதையில் அந்த நானூறு பேரின் தலைவனான தாவீதுதான் பின்னால் ராஜாவாகிறான். லிங்கனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது, அந்த அளவு பைபிளில் ஊறியவர். எதிராளியை தாவீதின் இடத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஒரு தைரியம் வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரில் ஃபிரீமான்ட் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

நம் பக்கம் அண்ணா. 1953ல் பெரியார் பிள்ளையார் சிலைகளை உடைத்தபோது, நான் பிள்ளையாரையும் உடைக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்க மாட்டேன் என்று அண்ணா சொன்னதாக இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். கும்பிடுகிறவர் மனம் அதில் புண்படவில்லை, தன் நிலையையும் அவர் மறைக்கவில்லை.

சறுக்கிய இடங்களும் உண்டு. 2007 செப்டம்பரில் சேது சமுத்திரத் திட்டப் பிரச்சினையில் கருணாநிதி, ராமர் எந்த இன்ஜினியரிங் காலேஜில் படித்தார் என்று கேட்டார். ராமர் பாலம் என்று சொல்லித் திட்டத்தைத் தடுத்தவர்களைக் குறிவைத்த கேள்விதான், ஆனால் போய்த் தைத்தது ராம நாமம் சொல்லிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிகளை. அதற்குப் பதிலென்று சிலர் செய்தது மன்னிக்கவே முடியாதது: பெங்களூரில் அவருடைய மகள் வீட்டைத் தாக்கினார்கள், தமிழ்நாட்டுப் பேருந்தைக் கொளுத்தினார்கள், அதில் இரண்டு உயிர் போனது. 2018 பிப்ரவரி 7ஆம் தேதி மாநிலங்களவையில் காங்கிரஸ் எம்.பி. ரேணுகா சௌத்ரி சிரித்தபோது பிரதமர் மோடி, ராமாயண சீரியலுக்கு அப்புறம் இப்படியொரு சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன் என்றார். ராமாயணத்தில் யாருடைய சிரிப்பு என்று அவர் பெயர் சொல்லவில்லை, ஆனால் பிறகு ஒரு மத்திய இணையமைச்சர் சூர்ப்பனகை காட்சியோடு சேர்த்து வீடியோ பகிர்ந்தார். சூர்ப்பனகையின் கதையைக் கடைசி வரை படித்தால், ஒரு பெண்ணின் மூக்கை அறுத்த இடத்திலிருந்துதான் பகை மூண்டு இலங்கை எரிகிற வரைக்கும் போகிறது. சபையில் சிரித்த ஒரு பெண்ணை வாயடைக்க எடுக்கிற கதையா அது?

கேள்வி: அடுத்த மதத்தின் வேதத்தை அரசியல்வாதி தொடாமல் இருப்பதுதானே பாதுகாப்பு?
(கல்லூரி மாணவி, அட்டுவம்பட்டி)

பதில்: பாதுகாப்புதான், ஆனால் நான் அதை விரும்பவில்லை. நம் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936ல் கட்டியவர் லீலாவதி ராமநாதன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்திரேலியாவில் பிறந்து சைவத்துக்கு வந்தவர். அவருடைய கணவர் பொன்னம்பலம் ராமநாதன் இலங்கையின் பெரிய அரசியல்வாதி, 1911ல் அங்கே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஊறிய சைவர். அவர் மத்தேயு நற்செய்திக்கும் யோவான் நற்செய்திக்கும் உரை எழுதியிருக்கிறார். அடுத்தவர் வேதத்தை அந்த அளவு உட்கார்ந்து படித்த ஒருவர் மேடையில் அதிலிருந்து ஒரு வேடிக்கை சொன்னால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பேசுகிறவரிடம்தான் எனக்குப் பயம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பரிகாசம் செய்ய வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலானவர்களாக இருக்கலாம் என்று குர்ஆன் 49:11 சொல்கிறது. அதை எந்தக் கட்சி மேடையிலும் வாசிக்கலாம்.

கேள்வி: இப்படிப் பேசுகிறவர் மேல் கேஸ் போட முடியுமா?
(ஒரு வாசகர், வில்பட்டி)

பதில்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகியிருக்கிறது, மூன்று வருஷம் வரை சிறை. ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால்தான் அது பொருந்தும், உச்ச நீதிமன்றம் 1957லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. அசட்டு ஜோக்குக்கெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் போகாதீர்கள், நாளைக்கு யோதாம் மாதிரி ஒருவன் பேசும்போது அவன் மேலும் அதே பிரிவு பாயும். மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால் விஷயம் வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3) அதை முறைகேடு என்கிறது, 2017 ஜனவரி 2ஆம் தேதி ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை இன்னும் இறுக்கியது. கோயிலிலோ சர்ச்சிலோ பள்ளிவாசலிலோ பிரசாரம் நடந்தால், தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்புங்கள்.