குடும்ப ரகசியத்தை மையமாகக் கொண்ட உளவியல் த்ரில்லர்களில் நாயகி ஏன் பெரும்பாலும் மனம் குலைந்தவளாகவே வருகிறாள்?

உண்மையை அறிந்தவளின் பேச்சை வீட்டில் யாரும் நம்பாதபோதுதான் ரகசியம் கடைசி அத்தியாயம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்காகவே அவளுக்குக் குடிப்பழக்கமோ நினைவிழப்போ சேர்க்கப்படுகிறது.

1938இல் இங்கிலாந்தில் அரங்கேறிய பேட்ரிக் ஹாமில்டனின் ‘கேஸ் லைட்’ நாடகத்தில், கணவன் வெளியே போனதும் தன் அறையின் எரிவாயு விளக்கு மங்குவதை மனைவி கவனிக்கிறாள். அவளைப் பைத்தியம் என்று நம்பவைக்க முயலும் அவன், ரகசியமாகத் திரும்பிவந்து பூட்டிய மேல்தளத்தில் விளக்கேற்றி நகைகளைத் தேடிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்; ஒரு விளக்கை ஏற்றினால் மற்ற விளக்குகளுக்கு வரும் எரிவாயு குறையும். நோயின் அறிகுறி என்று தள்ளப்படுவதே இங்கு துப்பாகிறது.

கில்லியன் ஃப்ளின் 2006இல் வெளியிட்ட ‘ஷார்ப் ஆப்ஜெக்ட்ஸ்’ நாவலில், தன் தோலில் சொற்களைக் கீறிக்கொண்ட நிருபர், தாய் வீட்டுக்குத் திரும்பிக் கொலைகளை விசாரிக்கிறாள். இங்கே ஆபத்து தாயின் பராமரிப்பு என்ற பெயரில் வருகிறது.

மாறாக, நாயகியின் மனநோயையே கடைசித் திருப்பமாகக் காட்டும் கதைகள் (அவை ஏராளம்) வாசகரை ஏமாற்றுகின்றன என்பது என் கருத்து.