வட்டியைத் தொடலாமா? ஆவணிப் பயணத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 69, மனைவிக்கு 64. மன்னார்குடியில் சொந்த வீடு. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வூதியம் மாதம் 34,000 ரூபாய்; வீட்டுச் செலவு 25,000க்குள் அடங்கிவிடும். அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 கடைசியில் 12 லட்சம் போட்டேன். அந்த வட்டியை நாங்கள் தொடுவதில்லை. சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும். நிதியாண்டு முடியும்போது எடுத்து வங்கியில் போடுவோம். வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக 4 லட்சம் இருக்கிறது; வரும் டிசம்பரில் முதிர்வு.

ஆவணியில் கல்லணையில் தொடங்கி, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகப் பூம்புகார் வரை போய், பிறகு கடலோரமாகத் தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி என்று பத்து நாள் காரில் நிதானமாகச் சுற்றிவர இருவருக்கும் ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. டிராவல்ஸில் விசாரித்தால், நாள் ஒன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 500 என்கிறார்கள். அறைக்கு 31,500, சாப்பாடு, இதர செலவு 18,500 சேர்த்து 90,000 ரூபாய் ஆகிறது. வைப்பை முறிக்கலாமா? மைத்துனர் நகையை அடகு வைக்கச் சொல்கிறார். எங்கள் தெருவில் ஒருவர் தன் சொந்தக் காரை நாளுக்கு 1,800 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மகனோ, "எல்லாம் பக்கத்து ஊர்தானே, தினமும் போய்விட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 90,000 ரூபாய் அல்ல, "அந்த வட்டியை நாங்கள் தொடுவதில்லை" என்ற வரிதான். கும்பகோணத்தில் என்னிடம் வரும் ஓய்வூதியர்களில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். அதனால் முதலில் வட்டியைப் பார்ப்போம்.

2023 கடைசியில் போட்டவருக்கு 8.2 விழுக்காடு வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. 12 லட்சத்துக்குக் காலாண்டுக்கு 24,600 ரூபாய். ஏப்ரலில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று இப்போது உங்கள் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் 49,200 ரூபாய் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் வட்டிக்கு வட்டி கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் கொடுத்துவிடுவதே அதன் அமைப்பு; வயதானவர்கள் எடுத்துச் செலவழிக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நீங்கள் எடுக்காமல் விட்டதால், 8.2 விழுக்காட்டில் பிறந்த பணம் சேமிப்புக் கணக்கில் 4 விழுக்காட்டில் படுத்திருக்கிறது. அதைச் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த 49,200 ரூபாயை எடுத்து 7 விழுக்காட்டில் வைப்பாகப் போட்டால் ஆண்டுக்கு 3,444 ரூபாய் வரும். பயணத்துக்காக நீங்கள் உண்மையில் இழக்கப்போவது அவ்வளவுதான்; மாதக் கணக்கில் முந்நூறு ரூபாய்க்கும் குறைவு. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

எல்லோருக்கும் இதையே சொல்வேனா என்றால், மாட்டேன். ஓய்வூதியம் இல்லாமல் வட்டியை மட்டும் நம்பி வாழ்கிறவர் விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட வட்டியில் ஒரு பங்கைத் திரும்ப முதலீட்டில் சேர்த்தே ஆகவேண்டும். உங்கள் நிலை வேறு. உங்கள் ஓய்வூதியத்துக்கு அகவிலைப்படி உயர்வு உண்டு, உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, வீடு சொந்தம், மாதம் 9,000 ரூபாய் மிச்சமும் பிடிக்கிறீர்கள். வட்டியைத் தாராளமாகத் தொடலாம்.

வங்கி வைப்பை முறிக்க வேண்டாம். மூன்று ஆண்டு வைப்பில் இன்னும் நான்கைந்து மாதம்தான் பாக்கி. முன்கூட்டியே முடித்தால் பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு விழுக்காடு வரை வட்டியில் குறைத்துக்கொள்ளும், அதுவும் ஓடிய காலம் முழுவதற்கும். ஒரு விழுக்காடு என்றால் 4 லட்சத்துக்கு ஆண்டுக்கு 4,000. இரண்டரை ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் போய்விடும். நகைக்கடனும் வேண்டாம். நம் பக்கத்தில் நடவுக்கும் உரத்துக்கும் நகையை வைத்துவிட்டு, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் மீட்டுக்கொள்வது வழக்கம். அங்கே கடனை அடைக்க ஒரு விளைச்சல் வருகிறது. இங்கே அப்படி ஒன்றும் வரப்போவதில்லை. சொந்தப் பணத்தை 4 விழுக்காட்டில் தூங்கவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வட்டி கொடுத்து வெளியே வாங்குவதில் என்ன நியாயம்?

இப்போது அந்த 90,000 ரூபாய். அதில் கார் மட்டும் 40,000: பத்து நாளுக்கு 2,500 கிலோமீட்டர், 35,000 ரூபாய், பேட்டா 5,000. நீங்கள் சொல்லும் வழியை எழுதிக் கூட்டிப் பாருங்கள். தஞ்சாவூரிலிருந்து கல்லணை ஏறக்குறைய 45 கிலோமீட்டர், கும்பகோணம் 40. கும்பகோணத்திலிருந்து தாராசுரம் நான்கே கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35. மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் 25க்குள். சுற்றுவழிகளையெல்லாம் சேர்த்தாலும் பத்து நாளுக்கும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர்தான் வரும். ஆக, ஓடாத 2,000 கிலோமீட்டருக்கு 28,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்ற விதி சென்னைக்கோ ராமேசுவரத்துக்கோ போய்வருகிறவர்களுக்குப் பொருந்தும். டெல்டாவுக்குள் நிதானமாகச் சுற்றுகிறவர்களுக்கு அது வெறும் நஷ்டம்.

பத்து நாளுக்கும் ஒரே காரைப் பிடித்து வைத்திருக்காதீர்கள். தஞ்சாவூரில் மூன்று இரவு, கும்பகோணத்தில் மூன்று இரவு, தரங்கம்பாடியிலோ மயிலாடுதுறையிலோ மூன்று இரவு என்று மூன்றே இடத்தில் தங்குங்கள். கார் தேவைப்படும் நாளில் மட்டும் அந்தந்த ஊரில், எட்டு மணி நேரம் 80 கிலோமீட்டர் என்ற உள்ளூர் வாடகைக்குப் பேசுங்கள். பெரிய கோயிலுக்கும் சரஸ்வதி மகாலுக்கும் தாராசுரத்துக்கும் ஆட்டோ போதும். ஊர் மாறும் நாட்கள், கல்லணையும் திருவையாறும் போகும் நாள், கங்கைகொண்ட சோழபுரம், வேளாங்கண்ணி என்று கணக்கிட்டால் ஏழு நாளுக்குத்தான் கார் வேண்டும். ஊர் மாறும் நாளில் கார் திரும்பிப் போகிற தூரமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். அதனால் 80 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களையும் சேர்த்துச் சராசரியாக 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21,000.

பேசும்போது இன்னொன்றையும் கேளுங்கள். நம் கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். எட்டு மணி நேர வாடகையில் பாதி நேரம் வண்டி வேப்பமர நிழலில் நிற்கும், நீங்களும் வெயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். காலை ஆறு மணி முதல் பதினொன்றரை வரை மட்டும் என்று அரை நாள் வாடகைக்குச் சில ஸ்டாண்டுகளில் ஒப்புக்கொள்வார்கள். ஆவணி வெயிலில் மதியம் பிரகாரக் கல்லில் கால் வைக்க முடியாது. அறைக்குத் திரும்பிப் படுப்பதே உடம்புக்கும் நல்லது.

தெருக்காரரின் காரை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வெள்ளை நம்பர் பலகை உள்ள வண்டியின் காப்பீடு சொந்த உபயோகத்துக்கானது. வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். மேலும் இது குறுவை அறுவடைக் காலம். அறுவடை இயந்திரங்கள் ஊர்ச் சாலைகளில் ஊர்ந்து போகும். பல இடங்களில் பாதிச் சாலையை அடைத்து நெல் காய்ந்துகொண்டிருக்கும். இந்தச் சாலையில் காப்பீடு கேள்விக்குறியான வண்டியில் இரண்டு மூத்தவர்களை அனுப்பிவிட்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. மஞ்சள் பலகை வண்டியாகவே எடுங்கள். இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் மகன் சொல்வதில் கணக்கு சரிதான். இரவில் வீடு திரும்பினால் அறை வாடகை 31,500 மிச்சம். ஆனால் பூம்புகாரிலிருந்தும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் தினமும் மன்னார்குடிக்குத் திரும்புவதென்றால் அம்மாவின் முழங்கால் மூன்றாம் நாளே படுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சமையலும் பாத்திரமும் அவருக்காகக் காத்திருக்கும். அதற்குப் பெயர் அவருக்கு ஓய்வா? அறைச் செலவில் கை வைக்காதீர்கள். தரைத்தளத்திலோ லிஃப்ட் உள்ள விடுதியிலோ மேற்கத்திய கழிப்பறையுடன் அறை எடுங்கள். மூன்று இரவு சேர்த்துத் தங்குவதால் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம்.

எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பதும் பணம்தான். ஆடியில் கல்யாணம் இல்லாததால் ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசைகட்டும். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கும்பகோணத்தில் நல்ல அறை கிடைப்பது கடினம். கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாட்களைத் தவிருங்கள். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29ல் கொடியேறி செப்டம்பர் 8ல் நிறைவடைகிறது. அந்த நாட்களில் நாகப்பட்டினம் வட்டாரம் முழுவதும் கூட்டம், பாத யாத்திரை செல்பவர்களால் சாலையும் நிறைந்திருக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் தஞ்சாவூரில் தொடங்கினால் நீங்கள் கடலோரத்துக்கு வரும்போது விழா முடிந்து ஊர் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் இன்னும் நாள் இருக்கும். காரைக்கால் வழியில் திருநள்ளாற்றில் இறங்குவதாக இருந்தால் சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.

செப்டம்பரில் போவதால் பணமும் சரியாகக் கூடிவருகிறது. அறை 31,500, கார் 21,000, நீங்கள் 18,500 என்று போட்டதைக் கொஞ்சம் சுருக்கினால் சாப்பாடு 9,000, ஆட்டோ, நுழைவுச்சீட்டு, அர்ச்சனை 4,000, ஆகமொத்தம் 65,500. வட்டி 49,200, ஜூலை, ஆகஸ்ட் மாத ஓய்வூதிய மிச்சம் 18,000; சேர்த்தால் 67,200. நெருக்கமான கணக்குதான். ஆனால் அந்தப் பத்து நாளும் வீட்டில் அடுப்பு எரியாது, அந்த மளிகைப் பணமும் கையில் இருக்கும். அவசரம் என்றால் வைப்பை முறிக்காமல் அதன்பேரில் கடன் வாங்கும் வசதி வங்கியில் உண்டு. கிளம்பும் முன் மேலாளரிடம் ஒருமுறை பேசி வையுங்கள். ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடிக்கிறார்களே, அந்த மருத்துவக் காப்பீட்டு அட்டையையும், தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினத்தில் அது செல்லுபடியாகும் மருத்துவமனைகளின் பெயர்களையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கான பணத்தை மட்டும் தனிக் கணக்கில் வைத்து, அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் பெற்றோரை நவக்கிரகக் கோயில்களுக்கு அனுப்பியபோது, வசதியாக இருக்கட்டும் என்று உயரமான பெரிய வண்டியாகப் பார்த்துப் பேசிவிட்டேன். அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. கஞ்சனூரில் ஒரு கடையில் பிளாஸ்டிக் முக்காலி வாங்கி, ஒவ்வொரு கோயில் வாசலிலும் டிரைவர் அதை இறக்கிப் போட, அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறங்கியிருக்கிறார். நான்காவது கோயிலில், "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வண்டியிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். மிகத் தாழ்ந்த வண்டியும் முழங்காலுக்கு ஆகாது; எழுந்திருக்கும்போது வலி உயிர் போகும். இருக்கை உங்கள் மனைவியின் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். அதனால் வாடகை பேசி முடித்த கையோடு பணத்தை நீட்டிவிடாதீர்கள். வண்டியை நேரில் வரவழைத்து, அவரை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகு முன்பணம் கொடுங்கள்.